"போட்டோ நல்லாருக்குத்தா!" - அம்மாச்சி சொன்ன பொய்யும், அவரைத் தேடிவந்த வேனும்

வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்தச் செய்தியைப் பதிவேற்றுவேன். 'ஞாயிற்றுக்கிழமை இலவச கண் சிகிச்சை முகாம். பொதுமக்கள் பயன்படுத்திக்கொள்ள அழைப்பு.' நான்கு வரி, ஒரு போட்டோ. டிஜிட்டல் டெஸ்க்கில் ஐந்து நிமிட வேலை. அந்தப் 'பொதுமக்கள்' யார், எப்படி வருவார்கள் என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை, என் அம்மாச்சியின் கண் விஷயம் தெரியவரும் வரை.

அம்மாச்சி விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஓட்டு வீடு, இரண்டு ஆடுகள். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நாங்கள் சென்னையில். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோக்களைப் பக்கத்து வீட்டு அக்கா தன் போனில் அம்மாச்சிக்குக் காட்டுவார். எதை அனுப்பினாலும் ஒரே பதில்தான் வரும். "நல்லாருக்குத்தா."

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "யாரது?" என்றார். நான் பேசிய பிறகுதான், "ஏத்தா, நீயா!" என்று கையைப் பிடித்தார். கடைக்குக் கொடுக்க எடுத்த காசைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பிரித்தார். இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டபோது, ரெண்டு வருஷமாகவே இப்படித்தான் என்றார். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த அன்று நான் அனுப்பிய ஐடி கார்டு போட்டோவையும் அம்மாச்சி பார்க்கவே இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஆபரேஷனெல்லாம் இலவசமாத்தான பண்றாங்க. போயிட்டு வர வேண்டியதுதான அம்மாச்சி?"

"நான் போயி படுத்துக்கிட்டா ஆட்டுக்கு யாரு தழை ஒடிச்சுப் போடுவா? கூட ஒரு ஆள் வரணும். ஒங்க மாமன் லீவு போட்டா அவனுக்குச் சம்பளம் போயிரும். பஸ்ஸுக்கு, சோத்துக்கெல்லாம் காசு வேணாமா? கண்ணுல கத்திய வச்சு, இருக்குறதும் போயிருச்சுன்னா? இருக்குற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன், விடு."

சென்னை திரும்பியதும், இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்தியாவில் பார்வை இழப்புக்கு முதன்மையான காரணம் கண்புரை. மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமம் கிராமமாக முகாம் நடத்தினார்கள். ஆனால், ஆபரேஷன் தேவை என்று சொல்லி அனுப்பியவர்களில் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. காரணம் கேட்டபோது பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு ஆள், போகும் கூலி, பயம் என்று கிடைத்த பதில்கள் அப்படியே அம்மாச்சியின் பதில்கள்!

அதன் பிறகுதான் முறையை மாற்றினார்கள். முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து, ஊரில் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதால் துணைக்குத் தனியாக ஆள் தேவையில்லை. வெளிநாட்டு லென்ஸின் விலை அதிகம் என்பதால், 1992-ல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே குறைந்த விலையில் லென்ஸ் தயாரித்தார்கள். பணம் கட்டி சிகிச்சை பெறுபவர்களிடமிருந்து வரும் வருமானம், கட்ட முடியாதவர்களுக்கும் உதவுகிறது.

இப்படிப்பட்ட முகாம்களுக்கு மருத்துவமனை டாக்டர்களை அனுப்பும். ஊருக்குள் நடந்து ஆள் சேர்ப்பது உள்ளூர்த் தொண்டு அமைப்புகள். அம்மாச்சி ஊருக்கு வந்ததும் அப்படி ஒரு சின்ன அமைப்புதான். அதன் களப்பணியாளர் ஒரு அக்கா. பக்கத்து வீட்டு அக்காவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். "நோட்டீஸ் ஒட்டுறீங்களாக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். "கண்ணு தெரியாதவங்க நோட்டீஸை எப்படிம்மா படிப்பாங்க?"

என் நான்கு வரிச் செய்தியை நினைத்துக்கொண்டேன்.

அந்த அக்கா அம்மாச்சி வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறார். மூன்றாவது முறை, ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்துத் தெருப் பாட்டியைக் கூட்டிப்போனார். அந்தப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் காட்டினாராம். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் பேசி வைத்ததும் அந்த அக்காதான்.

முகாம் அன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். பள்ளிக்கூட வகுப்பறைகளில் வரிசையாகப் பெயர்ப் பதிவு, பார்வைப் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை. படிக்கத் தெரியாதவர்களுக்கு 'E' எழுத்துப் பலகை. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். அம்மாச்சி மேலிருந்த பெரிய எழுத்தோடு நின்றுவிட்டார்.

மதியம் வேன் கிளம்பியபோது ஒரு தாத்தா மட்டும் கீழே நின்றார். சர்க்கரை அதிகம், குறைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். "எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லையாம். மாத்திரை டப்பாவில் எது காலை, எது இரவு என்றே அவருக்குத் தெரியவில்லை. அக்கா அவர் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை போடும் வேளையைக் கேட்டு வந்து சொல்வதாகவும், அடுத்த முகாமுக்கு அவரே வந்து கூட்டிப்போவதாகவும் சொன்னார். வேனில் ஏறியவர்களைவிட அந்தத் தாத்தாவுக்குத்தான் இந்த அக்கா அதிகம் தேவை என்று தோன்றியது.

அம்மாச்சிக்கு முதலில் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது. மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். தலைக்குக் குளிக்கக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது, சொட்டு மருந்தை நேரத்துக்கு விட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டுப் போனார் களப்பணியாளர் அக்கா. அடுத்த கண்ணுக்கு இன்னும் சில மாதங்கள் போக வேண்டும்.

இப்போதும் முகாம் செய்திகளை நான்தான் பதிவேற்றுகிறேன். கூடவே ஏற்பாட்டாளருக்கு ஒரு போன் போடுகிறேன். வண்டி உண்டா, சாப்பாடு உண்டா, துணைக்கு ஆள் வேண்டுமா, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டுச் சேர்க்கிறேன். செய்தி எட்டு வரியாகிவிட்டது. போனில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் செய்தி தேவைப்படுபவர் கையில் பெரும்பாலும் போன் இருக்காது. உங்கள் தெருவில் காசைத் தடவிப் பார்க்கும் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் கூடப் போங்கள்.

போன மாதம் அம்மாச்சிக்கு ஒரு செல்ஃபி அனுப்பினேன். பக்கத்து வீட்டு அக்கா போனில் அம்மாச்சியின் குரல் வந்தது.

"ஏத்தா, கண்ணுக்குக் கீழ என்ன இம்புட்டுக் கருப்பு? ராத்திரி தூங்குறதே இல்லையா?"

'நல்லாருக்குத்தா' என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.