சயாம் ரயில் பாதையிலே

பாங்காக் நகரத்தின் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காலையில் புறப்படும் ரயில், வயல்களையும் கரும்புத் தோட்டங்களையும் கடந்து காஞ்சனபுரியை அடைகிறது. பெயரைக் கேட்டால் நம் நாட்டுப் பழைய ராஜதானியோ என்று தோன்றும். பொன்னகரம் என்பதே அதன் பொருள். ஆயினும் உலகத்தார் அவ்வூருக்கு வருவது குவாய் நதியின் மேலுள்ள இரும்புப் பாலத்தைக் காணவே. அதற்காகவே நாமும் சென்றோம்.

அப்பாலத்தின் கதை யுத்த காலத்தது. 1942-ல் பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், அங்கிருந்த தம் படைகளுக்குக் கடல் வழியே தளவாடம் அனுப்புவது அபாயமென்று கண்டனர். ஆகவே மலையையும் காட்டையும் பிளந்து, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதையைப் போடத் துணிந்தனர். 1943 அக்டோபர் 17-ந் தேதி இருபுறத்துத் தண்டவாளங்களும் ஒன்று சேர்ந்தன. இன்று சயாம் பக்கத்தில் நாம்தோக் வரையில்தான் வண்டி ஓடுகிறது. வழியில், வாங்போ என்னுமிடத்தில், செங்குத்தான பாறையை ஒட்டி மரக்கால்களின்மேல் நிற்கும் பாதையில் வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும்போது, பிரயாணிகள் பேச்சை நிறுத்தி ஆற்றையே பார்க்கிறார்கள்.

காஞ்சனபுரி நகரின் நடுவே யுத்தக் கைதிகளின் மயானம் இருக்கிறது. பசும்புல் தரையில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பெரும்பாலானவற்றில் மாண்டவனின் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கின்றன. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய 60,000-க்கு மேற்பட்ட கைதிகள் இப்பாதையில் உழைத்தனர். சுமார் 12,000 பேர் மாண்டனர். அவர்களுக்குச் செய்த மரியாதை முற்றிலும் தகும்.

ஆனால் அங்கே நின்ற நம் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது: நம்மவர் எங்கே? கைதிகளைவிடப் பன்மடங்கு அதிகமாக உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் ஆகியோருடன் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரும் சென்றனர். நல்ல கூலி, சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதியை நம்பிப் போனவர் சிலர். பலாத்காரமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர் பலர். 1943-ம் வருஷத்து மழைக்காலத்தில் காலரா பரவியபோது, கைதிகளிடையே அவர்களுடைய சொந்த வைத்தியர்களாவது இருந்தனர். கூலி முகாம்களில் அதுவும் இல்லை.

மாண்டவர் எத்தனை பேர்? 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கும் மேலே கூறுவோர் உண்டு. ராணுவத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தது; கைதிகள் உயிரைப் பணயம் வைத்து நாட்குறிப்பும் எழுதினார்கள். எழுத்தறியாத தோட்டத் தொழிலாளிக்குப் பட்டியலும் இல்லை, நாட்குறிப்பும் இல்லை. யுத்த முடிவில் ஜப்பானியர் தம் தஸ்தாவேஜுகளில் பெரும்பகுதியைக் கொளுத்தியும் விட்டனர்.

ஆகையால் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் பிறருடைய காகிதங்களில் நம்மவரைத் தேடுகிறார்கள். கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்ட கைதி வைத்தியர்களின் அறிக்கைகள், யுத்தக் குற்ற விசாரணைச் சாட்சியங்கள், யுத்தத்துக்குப் பின் மலேயாவில் தொகுத்த கணக்குகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். இத்தகைய ஆதாரங்களைப் பால் கிரடோஸ்கா என்பவர் 2006-ல் பல பாகங்களாகப் பதிப்பித்தார். ஜப்பானியரான மிச்சிகோ நக்காஹாரா அம்மையாரே இத்தொழிலாளரைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருப்பது போற்றத் தக்கது. மண்ணும் சில சமயம் சாட்சி சொல்கிறது: 1990-ல் இவ்வூர்க் கரும்புக் கொல்லை ஒன்றைத் தோண்டியபோது, குவியல் குவியலாக மனித எலும்புகள் கிடைத்தன. ஆனால் எலும்பு பெயரைச் சொல்வதில்லை.

பாலத்துக்குச் சற்றுத் தூரத்தில் 1944-ல் ஜப்பானியப் படையினரே எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று உண்டு. அதில் பதித்த பலகைகளுள் ஒன்று தமிழில் இருக்கிறது. வேலை வாங்கியவர்களே இரங்கல் எழுதிவைத்த அந்தத் தமிழைப் படிக்கையில் நெஞ்சு கனத்தது. அதிலும் ஒருவருடைய பெயரும் இல்லை. 1957-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ஆங்கிலப் படமும் கைதிகளின் கதையையே சொல்லிற்று. மலேசியத் தமிழரான சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதித்தான் நம்மவர் கதையை நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பாதையில் உழைத்து மீண்டவர்களில் இன்று உயிரோடிருப்பவர் மிக அரியர். எனினும் அவர்களுடைய மக்களும் பேரர்களும் இருக்கிறார்கள். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து மலேயாவுக்குக் குடிபோன குடும்பங்கள் அநேகம். "சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை" என்று பாட்டி சொன்ன ஒரு வாக்கியம் எந்த வீட்டிலாவது இன்னும் உலவினால், அதை ஒரு காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். போனவரின் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், தோட்டத்தின் பெயர் இந்நான்கும் இருந்தால் போதும். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் கிடைக்காத பெயரைத் தேடும் ஆராய்ச்சியாளனுக்கு அதைக் கொடுக்கக் கூடியவர்கள் அந்த வீட்டார் மட்டுமே.