நாங்கள் செய்த வில்வண்டி

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது பழமொழி. ஆறாம் வகுப்பில் இதைப் படித்துப் பொருள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் அதன் உண்மைப் பொருளை இந்த ஆண்டுதான், கிரீஸ் படிந்த ஒரு பழைய கார் அச்சின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது ஒரே பெஞ்சில் அமரும் நான்கு மாணவிகளைக் குறிக்கும். இதில் வரும் அப்பா எங்களுள் ஒருத்தியின் அப்பா. எவளுடைய அப்பா என்று எழுதுவதில்லை என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நால்வருமே அவரை அப்பா என்றுதான் அழைக்கிறோம். ஆகவே அது பொய்யும் ஆகாது.

எங்கள் ஊர் மறைமலை நகர். வேதாசலம் என்ற தம் பெயரில் வேதத்தை மறை என்றும், அசலத்தை மலை என்றும் தமிழாக்கிக்கொண்ட மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். இந்தப் பக்கத்துக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் 1961 முதல் செய்யப்பட்டதாக எங்கள் தாத்தாமார் பெருமையோடு சொல்வார்கள். எங்கள் ஊரிலேயே ஃபோர்டு ஆலை 1999-இல் கார் செய்யத் தொடங்கியது. அதிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. இங்கே பல வீடுகளில் சாப்பாட்டு வேளையைத் தீர்மானிப்பது 'ஷிப்ட்' நேரந்தான்.

அப்பாவும் அப்படி ஷிப்ட் பார்த்தவரே. உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் பதினாறு ஆண்டுகள் இருந்தார். அது ஒரு நாள் மூடப்பட்டது. வேறு வேலை கிடைக்காமல், வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடத் தொடங்கினார். இருபது லிட்டர் கேன் ஒன்றின் எடை இருபது கிலோவுக்கு மேல். சைக்கிளில் ஒரு நடைக்கு நான்கு கேன்தான் போகும். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பத்து நடை. சென்ற மார்ச் மாதம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பளு தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். தூக்காவிட்டால் அடுப்பு எரியாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிப்பு உண்டா என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்தது அப்போதுதான்.

"தூக்க வேணாம், இழுக்கலாம்" என்றார் அப்பா. மே விடுமுறையில் ஒரு வண்டி செய்வது என்று முடிவாயிற்று. நாங்கள் கூடமாட இருக்க ஒப்புக்கொண்டோம்.

பழைய கார்களின் பாகங்களுக்குச் சென்னையில் பெயர் பெற்ற இடம் புதுப்பேட்டை. மறைமலை நகர் காமராஜர் ரயில் நிலையத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி நடந்தோம். தெருவின் இருபுறமும் கதவுகள், கண்ணாடிகள், எஞ்சின்கள் என்று கார்கள் தனித்தனி உறுப்பாகப் பிரிந்து கிடந்தன. எங்களுக்கோ எல்லா அச்சும் ஒன்றுபோல் தோன்றியது. அப்பா மாருதி 800 காரின் பின் அச்சைக் காட்டி, "இதுதான் நமக்கு" என்றார்.

"ஏன்ப்பா, அம்பாசிடர் அச்சு இன்னும் பலமாச்சே?" என்று கேட்டோம்.

"அம்பாசிடர்ல எஞ்சின் சக்தி பின் சக்கரத்துக்குப் போவுது கண்ணு. அதனால அச்சு நடுவுல பல் சக்கரமெல்லாம் வச்ச பெரிய குடம் ஒண்ணு இருக்கும். நமக்கு அது வெட்டிச் சுமை. 800-ல எஞ்சின் முன் சக்கரத்தை ஓட்டுது. பின் அச்சு சும்மா கூட வர்றது. சும்மா வர்றதுதான் நம்ம வண்டிக்கு வேணும்."

அந்த அச்சில் காருக்கு உரிய சுருள் ஸ்பிரிங்குகளை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சுருள் ஸ்பிரிங் எடையை மட்டுமே தாங்கும். அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளத் தனித் தண்டுகள் வேண்டும். தகடு தகடாக அடுக்கிய வில் ஸ்பிரிங்கோ எடையையும் தாங்கும், அச்சையும் பிடித்துக்கொள்ளும். நம் முன்னோர் கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் வேறுபாடு கண்டது இதனால்தான். மேடுபள்ளம் எல்லாம் எலும்பில் இறங்குவது கட்டை வண்டி. வில்லில் இறங்குவது வில்வண்டி. எனவே பழைய வேன் ஒன்றின் வில் ஸ்பிரிங்குகளை, ஒன்றுக்கு ஐந்து தகடு வீதம், ஒரு ஜோடி வாங்கினோம்.

வெல்டிங் அண்ணா பட்டறையில் இரும்பு ஆங்கிளால் ஐந்தடி நீளம், மூன்றடி அகலத்தில் சட்டம் தயாரானது. ஸ்பிரிங்கை அச்சோடு பற்றவைத்து விடலாம் என்றார் அவர். அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார். ஸ்பிரிங் எஃகுக்கு அதன் துள்ளல் வருவது பக்குவமாகச் சூடேற்றிக் குளிரவைப்பதால். வெல்டிங் நெருப்புப் பட்டால் அந்தப் பக்குவம் போய், பிறகு ஒரு நாள் பள்ளத்தில் விழும்போது அந்த இடத்திலேயே முறியும். ஆகவே யூ போல்ட் போட்டு இறுக்கினோம். வில்லின் ஒரு முனையைச் சட்டத்தில் நிலையாகப் பொருத்தினோம். மறு முனையை ஊசலாடும் ஷாக்கிளில் மாட்டினோம். பளு ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடும். இரு முனையையும் கட்டிவிட்டால் அது நிமிர இடம் இராது.

இனித்தான் உண்மையான தலைவலி வந்தது. வெறும் வண்டியை இழுத்தால் அது தகர டப்பாவைப் போலக் குதித்தது. பத்து கேன், அதாவது 200 கிலோ ஏற்றியபோதும் ஸ்பிரிங் மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கியது. ஆட்களையும் சரக்கையும் சுமந்த வேனின் வில்லுக்கு எங்கள் பத்து கேன் ஒரு பொருட்டே அல்ல. பலம் அதிகமாக இருப்பதும் ஒரு குறைதான் என்பதை அன்று கண்டோம்.

அப்பா எங்களையே கேட்டார்: "பத்தாவது படிக்கப் போறீங்க, கணக்குப் போடுங்க பார்ப்போம்." போட்டோம். ஐந்து தகடும் சேர்ந்து மூன்று சென்டிமீட்டர் இறங்கினால், ஒத்த தகடுகள் என்று கொண்டால், மூன்று தகடு மட்டும் இருக்கும்போது ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும். முனைகளில் கண் உள்ள தாய்த்தகட்டை மட்டும் தொடக் கூடாது. கீழ்த் தகடுகள் இரண்டைக் கழற்றி, மறுபடி பத்து கேன் ஏற்றி அளவுகோலை வைத்தோம். ஐந்து சென்டிமீட்டரை ஒட்டி நின்றது. தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் அப்படிக் கத்தியிருக்க மாட்டோம்.

இரண்டாவது கணக்கு பள்ளி திறந்த பிறகு, இயற்பியல் முதல் பாடத்திலேயே வந்தது. திருப்புத்திறன்களின் தத்துவம்! அச்சு ஊஞ்சலின் நடு. பளு அச்சுக்குப் பின்னால் போனால் கைப்பிடி மேலே எழும்பி இழுப்பவரைத் தூக்கும். மோட்டார் இழுக்கும் டிரெய்லராக இருந்தால் வால் ஆட்டும் மீன்போல் இருபுறமும் அலையத் தொடங்கும். பளு மிகவும் முன்னால் வந்தாலோ அப்பாவின் இடுப்பு மறுபடி சுமக்கும். வண்டியின் சொந்த எடையை முதலில் அச்சின் மேல் சமன் செய்துகொண்டோம். கைப்பிடி அச்சிலிருந்து 180 சென்டிமீட்டர் தொலைவு. கையில் பத்து கிலோ மட்டும் அழுந்த வேண்டும். 180-ஐப் பத்தால் பெருக்கினால் 1800. 200 கிலோ பளுவின் நடு அச்சுக்கு ஒன்பது சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் அதுவும் 1800. கேன்கள் நகராதபடி அந்த இடத்தில் கட்டைகள் அடித்தோம்.

எங்கள் தெரு ஏரிப் பக்கமாகச் சரிந்து இறங்கும். அங்கே முந்நூறு கிலோ வண்டி பின்னாலிருந்து தள்ளினால் ஒரு மனிதர் என்ன ஆவார்? அம்மாவின் கவலை இதுவே. விடை அச்சிலேயே இருந்தது. காரின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை அல்லவா பிடிக்கிறது! 800-இன் சக்கரக் குடத்துக்குள் பிரேக் அப்படியே இருந்தது. புது லைனிங்கும் கேபிளும் போட்டு, கைப்பிடியில் ஒரு நெம்புகோலை வைத்தோம். சரிவில் பளுவோடு நிறுத்திக் கையை விட்டுப் பார்த்தோம். வண்டி அசையவில்லை. அம்மா அன்றுதான் சிரித்தார்.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். எனவே 'பத்து கேன் மட்டும்' என்று பலகையில் வண்ணத்தால் எழுதினோம்.

இதன் பிறகுதான் மிகக் கடினமான பேச்சு. வண்டியைத் தம் மொபெட்டில் கோத்து இழுக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். எங்கள் இயற்பியல் சிஸ்டர் நூலகத்திலிருந்து 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து வந்து காட்டினார்கள். மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்கும் என்கிறது சட்டம். பதிவு செய்யாமல் பொதுச் சாலையில் அதை இழுக்கக் கூடாது. வீட்டில் செய்ததற்குப் பதிவு பெறுவது எளிதன்று. ஜி.எஸ்.டி. சாலையின் லாரிகளுக்கு நடுவே அப்படிப் போவதும் அறிவன்று. மனிதர் கையால் இழுத்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது.

"அப்ப கைவண்டிதானா?" என்றார் அப்பா. வெகு நேரம் பேசவில்லை. ஒரு காலத்தில் அவர் கை செய்த பாகங்கள் கார்களில் ஓடின. அந்தக் கையால் இனி நடுத்தெருவில் வண்டி இழுக்க வேண்டும். அவர் மகளுக்கும் அது கசந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்ஷாவைத் தமிழ்நாடு 1973-இல் ஒழித்தது என்று படித்திருக்கிறோமே, மீண்டும் அதுதானா என்று அவள் சிஸ்டரைக் கேட்டாள்.

சிஸ்டர் உடனே மறுமொழி சொல்லவில்லை. பிறகு, "ரிக்ஷாவில் ஒருவர் மற்றவர் மேல் ஏறி உட்கார்ந்தார் அம்மா. உன் அப்பா வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள்? தண்ணீர்தானே? எதை இழுக்கிறோம், எப்படிப்பட்ட வண்டியில் இழுக்கிறோம் என்று பார்" என்றார்கள். மாடு இழுக்கும் வண்டிக்கே டயரும் பேரிங்கும் வேண்டும் என்று பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசுவாமி ஆண்டுக்கணக்காகப் போராடிய கதையையும் கூறினார்கள். மாட்டின் கழுத்துக்காக ஒரு பேரறிஞர் அத்தனை கவலைப்பட்டிருக்க, மனிதனின் இடுப்புக்காக நான்கு சிறுமிகள் ஒரு கோடை செலவிட்டது வீணாகுமா?

வண்டி ஜூலை மாதம் வேலைக்கு வந்தது. காலையில் பத்து நடை நான்கு நடையாயிற்று. சக்கரத்தில் பேரிங் இருப்பதால் சமதளத்தில் ஒரு கையாலேயே இழுக்கலாம். மருத்துவர் சொன்ன பெல்ட்டை அப்பா இன்னும் கட்டுகிறார். ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை.

எங்கள் பள்ளிக்கும் அவரே கேன் போடுகிறார். முதல் நாள் அவர் வந்தது சரியாக இடைவேளையின்போது. வாயிலில் வண்டி. மைதானம் நிறைய மாணவிகள். அவருடைய மகள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அவளே முதலில் நடந்து போய் வண்டியின் பின்பக்கம் கை வைத்தாள். மற்ற மூவரும் ஓடிச் சேர்ந்துகொண்டோம். யாரோ ஏழாம் வகுப்புச் சிறுமி, "அக்கா, இந்த வண்டி ஏன் குதிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். வில்லைக் காட்டி விளக்கினோம். மணி அடிக்கும் வரை விளக்கினோம்.

தங்கைமாரே, உங்கள் வீட்டிலும் பழுதென்று ஒதுக்கியவை கிடக்கலாம். அவற்றுள் எது இன்னும் தாங்கும் என்று தட்டிப் பாருங்கள். பெற்றோரின் உழைப்பை எவரேனும் விசாரித்தால், வண்டியின் பக்கத்திலேயே நின்று பதில் சொல்லுங்கள். அவள் மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்குவது பற்றி இப்போது அந்த வீட்டில் பேச்சு நடக்கிறது.

— நால்வருக்காக, அவர்களுள் ஒருத்தி
பத்தாம் வகுப்பு