பக்கத்துக் கடையின் புகைபோக்கி

திங்கள்

நம் ஊர்களில் வீட்டையும் கடையையும் பிரிப்பது பெரும்பாலும் ஒரு செங்கல் சுவர்தான். கீழே மெஸ், மாடியில் குடித்தனம். ஒரு பக்கம் வெல்டிங் பட்டறை, மறுபக்கம் கைக்குழந்தை உறங்கும் அறை. மிளகாய் வறுக்கும் நெடி, நள்ளிரவு வரை பரோட்டாக் கல்லில் விழும் கரண்டிச் சத்தம், மாவு மில்லின் அதிர்வு, மின்சாரம் போனதும் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர் ஆகியவற்றோடு வாழ்வோர் பல ஆண்டுகள் பொறுத்துப் பொறுத்து, ஒருநாள் மனு எழுதுகிறார்கள். அந்த மனுவில் அநேகமாக ஒரே கோரிக்கைதான் இருக்கும்: கடையை அகற்ற வேண்டும். பிழை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். தொல்லை தருவது கடை என்று பொதுவாகச் சொன்னால் அதிகாரிக்குப் பிடி கிடைப்பதில்லை. எந்தக் கருவி, எந்த நேரம், எந்தத் திசை என்று சொன்னால் கிடைக்கும். கோரிக்கை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது நிறைவேறும். சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது.

செவ்வாய்

1979-இல் சட்ட இதழ்களில் வெளியான கோவிந்த் சிங் எதிர் சாந்தி சரூப் வழக்கின் தீர்ப்பை, பக்கத்துக் கடையால் அவதிப்படும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரொட்டி சுடுபவர் ஒருவர் அடுப்பும் புகைபோக்கியும் கட்டினார். அதன் புகை அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்குக் கேடு என்று வழக்கு எழுந்தது. நடுவர் நேரில் போய்ப் பார்த்தார். அடுப்பையும் புகைபோக்கியையும் இடிக்க வேண்டும், அந்த இடத்தில் ரொட்டித் தொழிலே நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் முதல் பகுதியை ஏற்றது. பொதுமக்களின் நலமும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட விஷயத்தில், ஆபத்தைக் கண்ணால் பார்த்த நடுவரின் கருத்தை ஏற்பதே நல்லது என்றது. தொழிலையே நிறுத்தச் சொன்ன பகுதியை மட்டும் ஏற்கவில்லை. புகை போக வேண்டும், பிழைப்பு போக வேண்டியதில்லை. இதைவிடத் தெளிவான நீதி இவ்விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை.

நடுவர் அந்த அதிகாரத்தைச் செலுத்தியது அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்குக் கோட்டாட்சியரை அணுகலாம். மக்களின் உடல்நலத்துக்கோ வசதிக்கோ கேடு செய்யும் தொழிலைத் தடுக்கவும் முறைப்படுத்தவும் அப்புறப்படுத்தவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. முறைப்படுத்துதல் என்ற நடுவழி சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் மனுக்களோ அதைத் தாண்டிக் கடைசி வழிக்கே தாவுகின்றன. ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பிரிவு பொதுத் தொல்லைக்கானது. ஒரே ஒரு வீட்டை மட்டும் வாட்டும் தொல்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பதே முறை.

புதன்

ஒலிக்கு அளவுகள் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. வணிகப் பகுதியில் இவை 65, 55. எல்லையை 10 டெசிபல் தாண்டினாலே புகார் கொடுக்கலாம். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கிறது. கைபேசிச் செயலி காட்டும் எண் சான்றாகாது, குறிப்பாக மட்டுமே பயன்படும். முறையான கருவியால் அளக்கச் சொல்லி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

வெள்ளி

எதிர்வாதங்களில் வலுவானது வயிற்றுப்பாடு பற்றியது. கடன் வாங்கிக் கடை போட்டவர், நாலு பேருக்குக் கூலி கொடுப்பவர், அவரை ஏன் விரட்ட வேண்டும்? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனாலேயே கோரிக்கையைக் குறுக்கச் சொல்கிறேன். கம்ப்ரசருக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தால் சுவர் வழி வரும் அதிர்வு குறையும். எக்ஸாஸ்ட் குழாயைப் பக்கத்து ஜன்னலுக்கு நேரே விடாமல் கூரைக்கு மேலே உயர்த்தினால் நெடி காற்றோடு போகும். கிரைண்டிங் வேலையைப் பகலுக்கு மாற்றலாம். இவற்றில் எதுவும் ஒரு தொழிலைக் கவிழ்க்கும் செலவில்லை. நேரில் பேசும்போதும் கடைக்காரரிடம் இவற்றைக் கேட்பது எளிது. கடையை மூடு என்று தொடங்கும் பேச்சு முதல் வாக்கியத்திலேயே சண்டையாகிவிடும். 2005-இல் உச்ச நீதிமன்றம், ஒலித் தொல்லையின்றி வாழ்வதும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. உழைப்பவருக்கு வருமானம் எப்படியோ, உறங்குபவருக்கு அமைதி அப்படி.

அடுத்தது, கடை முன்னமே இருந்தது, நீங்கள்தான் பிறகு வந்தீர்கள் என்ற வாதம். இதற்கு 1879-லேயே விடை கிடைத்துவிட்டது. லண்டன் விக்மோர் தெருவில் மிட்டாய்க்காரர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உரலில் இடித்து வந்தார். பக்கத்து மருத்துவர் பிறகுதான் தன் தோட்டத்து மூலையில் நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டினார். வழக்கில் மருத்துவரே வென்றார். அந்த ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்தத் தெருவே இரைச்சல் தெருதானே என்போருக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் ராதேஷ்யாம் வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. மாவு மில் பற்றிய வழக்கு அது. ஏற்கெனவே சத்தமுள்ள பகுதியானாலும், புதிய இயந்திரம் அதை வீட்டாரின் உடல் சுகம் கெடும் அளவுக்குக் கூட்டினால் அது தொல்லையே என்பது அதன் சாரம். உரிமம் இருக்கிறது என்ற பதிலும் நிற்காது. உரிமம் தொழில் செய்யத் தரப்படுகிறது. அடுத்த வீட்டுக்குள் புகையை அனுப்ப அதில் அனுமதியில்லை. உரிமத்தின் நிபந்தனைகள் என்னவென்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல நேரம் அந்தக் காகிதத்திலேயே தீர்வு எழுதியிருக்கும்.

ஞாயிறு

குறுகிய கோரிக்கைக்குத் துல்லியமான பதிவு வேண்டும். தினமும் சத்தம், எப்போதும் புகை என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை, அது உண்மையாகவே இருந்தாலும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த இயந்திரம், காற்று எந்தப் பக்கம் வீசியது, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்பதை அன்றன்றே எழுத வேண்டும். தொல்லை இல்லாத நாளையும் எழுத வேண்டும். அந்த நாள்தான் மற்ற நாள்களின் குறிப்பை நம்பத்தக்கதாக்கும், கடைக்காரரால் அமைதியாக நடத்த முடியும் என்பதையும் காட்டும். அடுத்தடுத்த வீடுகளும் தனித்தனியே எழுதினால், தனிப்பட்ட பகை என்று யாரும் ஒதுக்க முடியாது. கோட்டாட்சியருக்குப் பொதுத் தொல்லை என்று காட்டவும் அதுவே ஆதாரம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு எடுத்துப் போகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடையை அகற்றவும் என்ற வரியை அடித்துவிடுங்கள். எந்தக் குழாய், எந்த இயந்திரம், எத்தனை மணிக்குப் பிறகு என்று எழுதி, குறிப்பேட்டின் நகலை இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.