எம்டன், 1/350

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. இன்னைக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. கப்பல்.

டூட்டி இல்லாத நேரத்துல நான் பிளாஸ்டிக் கப்பல் ஒட்டற ஆளுன்னு உங்கள்ல பலருக்குத் தெரியும். எங்க வாங்கறீங்க, ஹல் கோணிப்போச்சே என்ன செய்ய, டெக்கால் ஒட்டினா ஏன் ஓரமெல்லாம் பளபளன்னு தெரியுதுன்னு இன்பாக்ஸ்ல கேள்வி வந்துட்டே இருக்கு. இப்ப என் மேசையில இருக்கற கப்பலை வெச்சே சொல்லிடறேன்.

கப்பல் பேரு எம்டன். கடலையே பார்க்காதவங்களுக்கும் இந்தப் பேரு தெரியும். "அவனா, சரியான எம்டனாச்சே"ன்னு உங்க தாத்தா யாரையாவது சொல்லியிருப்பார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளிய வந்து நின்னு, பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல். ஹைகோர்ட் மதில்ல அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு. அந்தப் பக்கம் போனா பாருங்க.

ரெவெல் கம்பெனி இதை 1/350 அளவுல போட்டிருக்கு. நிஜக் கப்பல் 118 மீட்டர், மேசையில 34 சென்டிமீட்டர்கூட முழுசா வராது. ஆளோட உயரம் 5 மில்லிமீட்டர். முதல் கப்பலுக்கு 1/700 வாங்காதீங்க, கண்ணு போயிடும், ஆசையும் சேர்ந்து போயிடும்.

வாங்கறதுதான் பெரிய பாடு. நம்ம ஊர் சுங்கக் கணக்குல ஸ்கேல் மாடலும் பொம்மையும் ஒரே தலைப்பு. பொம்மை இறக்குமதிக்கு 20 சதவீதமா இருந்த வரி 2020 பட்ஜெட்ல 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. கடைக்காரர் விலை சொல்றப்ப அவர்மேல கோபப்படாதீங்க. நான் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். சிங்கப்பூர்ல இருக்கற மச்சான் ஊருக்கு வரும்போது பெட்டியில துணிக்கு நடுவுல வெச்சுக் கொண்டுவருவார்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா ஒண்ணு கவனிங்க. எம்டனும் டிரெஸ்டனும் அக்கா தங்கை கப்பல்கள். தண்ணிக்கு மேல பார்த்தா வித்தியாசம் சட்டுன்னு தெரியாது. ஆனா டிரெஸ்டன் டர்பைன் கப்பல், அதுக்கு நாலு புரொப்பெல்லர். எம்டன் பழைய பிஸ்டன் நீராவி எஞ்சின், ரெண்டுதான். ரெண்டு பேருலயும் கிட் உண்டு. அட்டைப் பெட்டி மேல இருக்கற படத்தை நம்பாம, உள்ள இருக்கற உதிரியை எண்ணிப் பார்த்து வாங்குங்க.

என் பெட்டியில ஹல் லேசா வளைஞ்சிருந்தது. கை பொறுக்காத சூட்டுல தண்ணி, அதுல கொஞ்ச நேரம், எடுத்து நேரா பிடிச்சு பச்சைத்தண்ணியில. கொதிக்கிற தண்ணி வேண்டவே வேண்டாம், கப்பல் அப்பளமாயிடும்.

பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எந்தத் தேதியோட கப்பலைச் செய்யறோம்னு முடிவு பண்ணணும். சீனாவுல சிங்தாவ்ல நின்ன காலத்துல எம்டன் வெள்ளை வெளேர்னு இருக்கும். கிழக்கின் அன்னம்னே அதுக்குப் பட்டப்பேர். சண்டைன்னு வந்ததும் சாம்பல் நிறம். கேப்டன் முல்லர் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியணும்னு நாலாவதா ஒரு பொய்ப் புகைபோக்கியும் கட்டி வெச்சார். பினாங்குக்குள்ள அதோடதான் நுழைஞ்சார். நான் செய்யறது மெட்ராஸ் ராத்திரி. சாம்பல் நிறம், மூணு புகைபோக்கி.

ரிக்கிங், அதாவது பாய்மரக் கம்பத்துல இருந்து இழுத்துக் கட்டற கயிறுகள். இங்கதான் டாக்டருக்கு ஒரு சலுகை. 8-0 நைலான் சூச்சர் 0.04 மில்லிமீட்டர் சொச்சம். 350 மடங்கு போட்டா ஒன்றரை சென்டிமீட்டர் கயிறு. அச்சு அசல். (சொந்தக் காசுல வாங்கினது சாமி, ஆஸ்பத்திரி ஸ்டோர்ல கை வைக்கல.) நீடில் ஹோல்டரும் 11ஆம் நம்பர் பிளேடும் ஏற்கனவே கைக்குப் பழகினதுதான். டாக்டரா ஒரு வார்த்தை: சூப்பர் க்ளூ கண்ணுல தெறிச்சா இமையைப் பிடிச்சு இழுக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில நல்லா கழுவிட்டு நேரா கண் ஓ.பி.

இப்ப டெக்கால். பழைய ஷீட் மஞ்சளா ஆகியிருந்தா ஜிப் கவர்ல போட்டு வெயில் படற ஜன்னல்ல ஒட்டி வைங்க, பல தடவை வெளுத்துடும். தேவைப்படாத ஒரு துண்டைத் தண்ணியில போட்டுப் பாருங்க. நொறுங்கினா முழு ஷீட்டுக்கும் ஒரு கோட் கிளியர் வார்னிஷ். மேட் பெயின்ட் மேல நேரா ஒட்டினா அடியில காத்து மாட்டிக்கும், அந்தப் பளபளப்பு அதுதான். முதல்ல கிளாஸ் கோட், அது மேல டெக்கால், டெக்கால் படியறதுக்கு செட்டிங் சொல்யூஷன், கடைசியில மேட் கோட். அவசரப்படாதீங்க, ஒவ்வொண்ணும் காயணும்.

இந்த மாதிரிக் கப்பலுக்கு டெக்கால்னா முக்கியமா கொடிதான். மெல்லிசு ஃபாயில்ல ஒட்டி லேசா வளைச்சா காத்துல பறக்கற மாதிரி வரும். இந்தக் கொடி கிட்டதான் என் கை ரெண்டு வாரமா நிக்குது.

காரணம் சொல்றேன். 1914 நவம்பர் 9, கோகோஸ் தீவுகள். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடிச்சு நொறுக்கிடுச்சு. முழுகிடக்கூடாதுன்னு முல்லர் கப்பலைப் பவளப்பாறையில ஏத்திட்டார். சிட்னி வேற ஒரு கப்பலைத் துரத்திட்டுப் போய், சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தா எம்டன் கம்பத்துல கொடி அப்படியே இருக்கு. கொடி இருந்தா இன்னும் சரணடையலன்னு அர்த்தம். சிக்னல் கொடுத்தாங்க. எம்டன்ல சிக்னல் புத்தகத்தையெல்லாம் ஏற்கனவே அழிச்சாச்சு, பதில் சரியா வரல. மறுபடி சுட்டாங்க. கரை தட்டி அசையாம கிடக்கற கப்பல், டெக் முழுக்கக் காயம்பட்டவங்க. அதுல இன்னும் பேர் செத்தாங்க. அப்புறம்தான் கொடி இறங்குச்சு.

உதவி வந்தது மறுநாள். அதுவரைக்கும் குடிக்கத் தண்ணிகூட சரியா இல்ல. கேஷுவாலிட்டியில ஒரு பஸ் விபத்து வந்து முப்பது பேர் வரிசையா கிடந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வெளிய ஆம்புலன்ஸ் இருக்கு, ரத்தம் இருக்கு, பக்கத்துல மெடிக்கல் காலேஜ் இருக்கு, அப்பவும் திணறுவோம். அங்க இருந்தது சுட்டெரிக்கற வெயில்ல ஒரு இரும்புத் தளம். சிட்னியோட ரெண்டு சர்ஜனும், பிறகு எம்டனோட சர்ஜனும் சேர்ந்து, கப்பலுக்குள்ள கிடைச்ச இடத்துல ஆபரேஷன் செஞ்சாங்க. நேத்து சுட்டுக்கிட்டவங்க இன்னைக்கு ஒரே மேசையில. எம்டன்ல செத்தவங்க 134 பேர்.

இந்தக் கப்பலோட உடைஞ்ச கோலத்தை டயோரமாவா செய்யறவங்க உண்டு. அருமையா செய்யறாங்க. என்னால முடியாது. 5 மில்லிமீட்டர் ஆளுங்களைப் படுக்க வெச்சு சிவப்பு தொட்டு வைக்க எனக்குக் கை வராது.

"நம்ம ஊர்ல குண்டு போட்ட கப்பலை எதுக்கு சார் இவ்வளவு ஆசையா செய்யறீங்க?"ன்னு எங்க வார்டு சிஸ்டர் போன்ல போட்டோ பார்த்துட்டுக் கேட்டாங்க. நியாயமான கேள்வி. அந்த ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துல நின்ன வணிகக் கப்பல்ல இருந்தவங்க உட்படச் சிலர் செத்தாங்க. அடுத்த நாட்கள்ல பட்டணத்தை விட்டே ஜனங்க ஓடினாங்க. சுட்ட கப்பலோட பேரு நம்ம பேச்சுல ஒரு சொல்லாவே நின்னுடுச்சு. செத்தவங்கள்ல ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா? "தெரியாது சிஸ்டர், அதான் அந்தத் தேதியையே செய்யறேன்"னேன். "அப்ப அவங்க பேரையும் தேடி அடியில எழுதி வைங்க சார்"னு சொல்லிட்டு ஊசி போடப் போயிட்டாங்க. ஸ்டாண்டுல பித்தளைத் தகடு ஒண்ணு காலியா இருக்கு. தேடிட்டு இருக்கேன்.

கொடியை மெட்ராஸ் ராத்திரிப்படியே ஏத்தப் போறேன். ஆனா பெட்டிப் படத்துல இருக்கற மாதிரி துடைச்சு வெச்ச டெக் இல்ல. பிடிச்ச கப்பல்கள்ல இருந்து எடுத்த நிலக்கரியை மேல்தளத்துலயே குவிச்சுக்கிட்டு அலைஞ்ச கப்பல் அது. அதுக்கு கிட்ல பார்ட் கிடையாது. அம்மாகிட்ட அடுப்புக்கரி ரெண்டு துண்டு வாங்கி அம்மியில தட்டி, காப்பி வடிகட்டியில சலிச்சு வெச்சிருக்கேன். வடிகட்டி விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிறு நைட் டூட்டி முடிஞ்சதும் ஒட்டிட்டு போட்டோ போடறேன்.