முறிவின் பதிவேடு

நள்ளிரவு கடந்த வேளையில், மூன்றாம் முறையும் ஆட்டம் அதே பாலத்தருகே முறிந்து விழுந்தது. திரை இருண்டது, எச்சரிக்கையோ விளக்கமோ எதுவும் தோன்றவில்லை. விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸைத் தன் மடிக்கணினியில் விரும்பி நிறுவிக்கொண்ட அம்மாணவனுக்கு இது வெறும் பொழுதுபோக்கிற்கு நேர்ந்த தடையாகப் படவில்லை. "பழையபடி விண்டோசுக்கே திரும்பு மச்சான்" என்று அறைத்தோழன் கூறியது, அவனது தெரிவையே எள்ளுவதாக இருந்தது.

விண்டோசுக்கென எழுதப்பட்ட ஆட்டமொன்று லினக்ஸில் இயங்குவதே வியப்பிற்குரியது. 1993 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வைன் எனும் மென்பொருள், விண்டோஸின் மூலநிரலைக் காணாமலே, அது ஆற்றும் பணிகளை லினக்ஸில் ஆற்றிக்காட்ட முற்பட்டது. அதன் 1.0 பதிப்பு 2008 இலேதான் வெளிவந்தது. பதினைந்து ஆண்டுப் பொறுமை அது. 2018 இல் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்டு புரோட்டோனை வெளியிட்டது. வரைகலைக் கட்டளைகளை டைரக்ட்எக்ஸிலிருந்து வல்கனுக்குப் பெயர்த்துத்தர டி.எக்ஸ்.வி.கே. என்னும் பகுதி உண்டு. இங்ஙனம் ஆட்டத்திற்கும் இயந்திரத்திற்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் பலர் நிற்கையில், பிழை எவரிடத்தது என்பதே முதல் வினாவாகிறது. (2024 இல் ஏப்பெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸ் ஆட்டக்காரரைத் தடைசெய்தது போன்ற நிலைமை வேறு. அங்கே பழுது எதுவும் இல்லை; கதவு வேண்டுமென்றே அடைக்கப்பட்டது.)

முதலிரு இரவுகளிலும் அவன் செய்தது பதற்றத்தின் வேலை. புரோட்டோனின் பதிப்பை மாற்றினான். வரைகலை இயக்கியைப் புதுப்பித்தான். ஆட்டத்திற்கென அமைந்த வைன் அடைவையே அழித்து மீள அமைத்தான். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றியமையால், ஆட்டம் ஓடியிருந்தாலுங்கூட எது குணப்படுத்திற்று என்பதை அவனால் அறிந்திருக்க முடியாது.

மூன்றாம் இரவிலேதான் பதிவேட்டை எழுதுமாறு புரோட்டோனைப் பணித்தான். நீண்டதொரு கோப்பு உருவாயிற்று. அதிலே 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கும் வரிகள் மலிந்திருந்தன. அவை, தன்னில் இன்னும் நிறைவேறாத பணிகளைப் பற்றி வைன் தானே எழுதிக்கொள்ளும் குறிப்புகள், பெரும்பாலும் தீங்கற்றவை. அவற்றை முறிவின் காரணமெனக் கொண்டு அலைவோர் பலர். அவனும் ஒரு மணிநேரம் அலைந்தான். ஈற்றிலுள்ள வரிகளோ, நினைவகம் ஒதுக்க இயலவில்லை என்றன. ஆனால் பதினாறு கிகாபைட் நினைவகத்திற் பாதி வெறுமையாகவே கிடந்தது.

உண்மையில், தீர்ந்துபோனது நினைவகம் அன்று. ஒரு செயலி தன் நினைவகப் பரப்பை எத்தனை துண்டுகளாக வகுத்து வைத்திருக்கலாம் என்பதற்கு லினக்ஸின் கேர்னல் ஓர் எல்லை விதித்துள்ளது. நெடுங்காலமாக அவ்வெல்லை 65530. பெரிய ஆட்டங்கள் சில அதனைத் தாண்டும்போது, இடமிருந்தும் இல்லையென்ற விடையே கிடைக்கிறது. வைனிலோ டி.எக்ஸ்.வி.கே.யிலோ பழுது தேடியவன் ஒருபோதும் இதனைக் கண்டிருக்க மாட்டான்.

அந்த எண் வந்த வரலாறுதான் சுவையானது. ஒரு செயலி முறிந்து விழுகையில் அதன் நினைவகத்தைக் கேர்னல் ஒரு கோப்பாக எழுதிவைக்கும். முறிவை ஆராய்வோர்க்கு அது உதவும். அக்கோப்பின் அமைப்பில் துண்டுகளின் தொகையைக் குறிக்கப் பதினாறு பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் அடங்கும் பேரெண் 65535. அதிலே ஐந்தைக் கழித்து எல்லை வகுத்தார்கள். முறிவைப் பதிவுசெய்வதற்காக விதித்த வரம்பே முறிவுக்குக் காரணமாயிற்று! பின்னர் அக்கோப்பமைப்பு விரிவாக்கப்பட்டமையால் அவ்வரம்பின் தேவை ஒழிந்தது. எண் மட்டும் எஞ்சி நின்றது. ஃபெடோரா 39 உம் (2023) உபுண்டு 24.04 உம் (2024) அதனை 1048576 ஆக உயர்த்தின. அவனுடைய கணினியில் இருந்ததோ அவற்றுக்கு முந்திய பதிப்பு.

அவன் அந்த எண்ணை மட்டும் உயர்த்தினான். ஆட்டம் பாலத்தைக் கடந்தது. அறைத்தோழனை எழுப்பிக் காட்டலாம் என்ற ஆசை எழுந்ததாயினும் அடக்கிக்கொண்டு, எண்ணை மீண்டும் 65530 ஆக்கி ஆட்டத்தைத் தொடக்கினான். பாலத்தருகே திரை இருண்டது. அப்பொழுதுதான் அவன் சிரித்தான். மறுபடி எண்ணை உயர்த்திவிட்டு, நித்திரை கொள்ளப் போனான்.