மழை எடைபோட்ட மூவர்

தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரௌட்' நாவல் 1874ஆம் ஆண்டு லண்டனின் கார்ன்ஹில் மேகஸினில் ஆசிரியர் பெயரின்றித் தொடராக வந்தது. அவருடைய பல நாவல்களுக்கும் களமாகிய வெஸெக்ஸ், அதாவது டார்செட் வட்டாரத்தைத் தழுவி அவர் புனைந்துகொண்ட நாட்டுப்புறம், பெயர் பெற்றது இந்நூலில்தான். உறவினரின் பண்ணையைப் பெற்றுத் தானே நிர்வகிக்கும் பாத்ஷீபா எவர்டீனை மூவர் விரும்புகின்றனர்: ஆட்டுமந்தையை இழந்து கூலிக்கு வந்த கேப்ரியல் ஓக், பக்கத்துப் பண்ணையாளர் போல்ட்வுட், படைவீரன் டிராய். மணமான பெண்ணின் அசையும் சொத்து பெரும்பாலும் கணவனுக்கே சேர்ந்த காலம் அது. அந்நிலையை மாற்றிய சட்டம் 1882இல்தான் வந்தது என்பதை நினைத்தால், அவள் டிராயை மணந்ததும் பண்ணையே அவன் கைக்குப் போய்விடுவதன் கனம் விளங்கும்.

நாவலின் உயிர்நிலை அறுவடை விருந்தன்று வரும் இடிமழை. ஏறத்தாழ 750 பவுண்டு மதிப்புள்ள கோதுமைப் போர்களும் பார்லிப் போர்களும் மூடப்படாமல் கிடக்க, டிராய் வேலையாட்களுக்கெல்லாம் பிராந்தி ஊற்றிக் கொடுத்துக் களஞ்சியத்தில் மயங்கிக் கிடக்கிறான். ஓக் தனியாகப் போர்மேல் ஏறி வேய்கிறான். இரும்புச் சங்கிலியால் இடிதாங்கி ஒன்றும் அமைக்கிறான். நள்ளிரவில் பாத்ஷீபாவே வந்து கட்டுகளைச் சுமந்து ஏணியேறுகிறாள். தன் அவசரத் திருமணத்தின் காரணத்தை அவள் மனம்விட்டுச் சொல்வதும் அந்தப் போரின் உச்சியில்தான். மறுநாள் காலை ஓக்குக்கு எதிர்ப்படும் போல்ட்வுட்டோ, ஏக்கத்தில் தன் தானியத்தையே மூட மறந்திருக்கிறான். ஒரே மழை மூவரின் அன்பையும் இவ்வளவு துல்லியமாக எடைபோட்டுவிடுகிறது. காதலைப் பற்றி இதைவிட நேர்மையான அத்தியாயம் ஆங்கில நாவலில் அரிது.

ஃபேனி ராபினின் கதையில் ஹார்டியின் குரல் கடுமை கொள்கிறது. டிராயால் கைவிடப்பட்ட அவ்வேலைக்காரப் பெண், ஏழைகளை அடைத்து வேலைவாங்கிய 'வொர்க்ஹவுஸ்' எனும் விடுதிவரை இரவெல்லாம் தள்ளாடி நடந்து, அங்கே தன் சிசுவுடன் மடிகிறாள். பண்ணைக்காரிக்குக் கிடைத்த மறுவாழ்வு அவளுக்கு இல்லை. நீரில் மூழ்கியதாக நம்பப்பட்ட டிராய் திரும்பி வருவதும் போல்ட்வுட் அவனைச் சுடுவதும் சற்று நாடகத்தனமானவையே. ஆனால் அதன்பின் வரும் இறுதிச் சந்திப்பு அக்குறையை ஈடுசெய்துவிடுகிறது: ஓக் வேலையைவிட்டு விலகப்போவதை அறிந்து பாத்ஷீபா தானே அவன் குடிலுக்குச் செல்ல, பண்ணைக் குத்தகையைப் பற்றிய பேச்சு வளர்ந்து, தயங்கித் தயங்கித் திருமணத்தைத் தொடுகிறது.