அடுத்தவன் காசில் ஒரு பாராளுமன்றம்

கொஞ்சம் வறட்சியான விஷயம்தான் மக்களே, ஓடிடாதீங்க. கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ்ஸில் நானும் என் வகுப்புத் தோழனும் ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை இது. "வெளிநாட்டுக்காரன்கிட்ட காசு வாங்கித்தான் ஒரு நாடு தன் பாராளுமன்றத்தைப் பலப்படுத்தணும்னா, அதுக்கு நாட்டையே வித்துட்டுப் போயிடலாம்டா" என்கிறான் அவன். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

சண்டை ஆரம்பித்ததே இலங்கையை வைத்துத்தான். அங்கே சபாநாயகர் உட்காரும் நாற்காலியும் செங்கோலும் 1949இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பரிசாகக் கொடுத்தவை. 2016இல் அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட், இலங்கைப் பாராளுமன்றத்தோடு ஒரு மூன்று வருஷத் திட்டத்துக்குக் கைகோர்த்தது. ஒரு கோடி டாலருக்கு மேல். ஜனநாயக ஆட்சிமுறையையும் பொறுப்புக்கூறலையும் வலுப்படுத்துவது என்று பெயர். எளிமையாகச் சொன்னால், அரசாங்கத்தை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற திறமையை வளர்ப்பது.

இரண்டே வருஷத்தில் சோதனை வந்தது. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன, ரணிலைத் தூக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் நவம்பர் 9 அன்று சபையையே கலைத்தார். உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சபை கூடியபோது, நவம்பர் 16 அன்று உள்ளே மிளகாய்த்தூள் பறந்தது, நாற்காலிகள் பறந்தன. அந்த 1949 நாற்காலி இருக்கிறதே, அதில் ஒரு எம்.பி. போய் உட்கார்ந்துகொண்டார்! சபாநாயகர் கரு ஜயசூரிய தன் இடத்துக்கே போக முடியாமல், போலீஸ் சூழ நின்று, குரல் வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, கலைத்தது செல்லாது என்றார்கள்.

மிளகாய்த்தூளுக்கு நடுவே நின்று வாக்கெடுப்பு நடத்த எந்த டாலர் திட்டத்திலும் பயிற்சி கிடையாது. இதுவரை தோழன் சொல்வது சரி. இன்னொன்றும் அவனுக்குச் சாதகம்தான்: 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தினார், அதே வருஷம் ஜூலை 1 முதல் யு.எஸ்.எய்ட்டே இல்லை. உலகம் பூரா அதை நம்பி நடந்த வேலைகள் நடுத்தெருவில் நின்றன.

சரி, நம்ம கதைக்கு வருவோம். இங்கே எம்.பி.யோ கட்சியோ வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. ரொம்ப சுத்தம் என்று நினைப்பீர்கள். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக் குழுமத்திடம் நன்கொடை வாங்கி காங்கிரஸும் பா.ஜ.க.வும் இந்தச் சட்டத்தை மீறின என்று 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? சட்டத்தையே தளர்த்தினார்கள். 2018 நிதி மசோதாவுக்குள் ஒரு வரியைச் செருகி, அந்தத் தளர்வை 1976 வரை பின்னோக்கி இழுத்தார்கள். 2018 மார்ச் 14 அன்று மக்களவை அந்த மசோதாவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது.

எத்தனை எம்.பி.க்கள் அந்த வரியைப் படித்திருப்பார்கள்? படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? எம்.பி.க்கு உதவியாளர் வைக்க ஒரு படி உண்டு, மனு வாங்கவும் டைப் அடிக்கவுமே அது சரியாகப் போய்விடும். தொகுதி மேம்பாட்டு நிதி மட்டும் வருஷத்துக்கு 5 கோடி. நிழற்குடை கட்டலாம், சமுதாயக்கூடம் கட்டலாம். மசோதா படிக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க அதில் வழியில்லை.

எங்க ஊர்ப்பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் யானை இறங்குகிறது. 2023 ஜூலையில் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் மணிப்பூர் அமளிக்கு நடுவே மக்களவையில் நிறைவேறியது. அதனால் கன்னிவாடிக்கு என்ன என்று நம் எம்.பி.க்கு யார் குறிப்பு எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2005இல் டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற ஆராய்ச்சி அமைப்பு வந்தது. ஆரம்பத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. பிறகு வெளிநாட்டுப் பணத்துக்கு உள்துறை அமைச்சகம் அனுமதி தரவில்லை, உள்நாட்டு நன்கொடைக்கு மாறினார்கள். 2010 முதல் லேம்ப் என்ற பெயரில் இளம் பட்டதாரிகளை எம்.பி.க்களோடு வேலைக்கு அனுப்புகிறார்கள். நல்ல வேலை. ஆனால் 140 கோடிப் பேரின் சபைக்கு இந்தச் சம்பளத்தை நம் கஜானா அல்லவா கொடுக்க வேண்டும்? வெளிநாட்டுக்காரன் கொடுத்தால் தப்பு என்று சட்டம் போட்டவர்கள், நாமே கொடுப்போம் என்று மட்டும் போடவில்லையே! தோழனிடம் இதைக் கேட்டபோது ரெட்டியார்சத்திரம் வரை வாயே திறக்கவில்லை.

டிகிரி முடிந்ததும் லேம்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.